அழுகைக்கு ஒரு மிட்டாய்

அவருடைய சட்டைப் பையில் எறும்பு ஊறாத நாளை நான் பார்த்ததில்லை. காக்கிச் சட்டை. இடப்பக்கத்துப் பை எப்போதும் கனத்து, சட்டையே அந்தப் பக்கமாக ஒருக்களித்துத் தொங்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார். புதிதாகப் பார்ப்பவர்கள் நெஞ்சுவலியோ என்று பதறிவிடுவார்கள். எறும்புதான். "கடிச்சிருச்சு டீச்சர்" என்று அசடு வழியச் சிரிப்பார். அந்த எறும்பைக்கூட நசுக்கமாட்டார், ஊதித்தான் விடுவார்.

பட்டாசுக் கம்பெனி ஒன்றின் வேன் டிரைவர் அவர். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டை ரோட்டில் இருக்கும் கம்பெனியில் விடுவது வேலை. வழியில் கம்பெனி நடத்தும் குழந்தைகள் காப்பகம். அங்கேதான் நான் டீச்சர். வெடிமருந்து கலக்கும் அறைகள் பக்கம் பிள்ளைகளின் நிழல்கூடப் படக்கூடாது என்பதால் காப்பகம் கம்பெனியிலிருந்து தள்ளி, ரோட்டோரம் தனியாக நின்றது. பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை அம்மாக்கள் என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

விட்டுவிட்டு என்று சுலபமாக எழுதிவிட்டேன். அம்மா வேனை விட்டு இறங்கினால் பிள்ளை அவளை விடாது. ஒரு பிள்ளை அழுதால் மற்றதெல்லாம் சேர்ந்துகொள்ளும். வேன் தாமதமாகும், கம்பெனி வாசலில் ஃபோர்மேன் கத்துவார். அதனால் அம்மாக்கள் யாரும் இறங்குவதில்லை என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. டிரைவர்தான் இறங்கிவந்து பின்கதவைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி வந்து கேட்டில் என்னிடம் கொடுப்பார். தூக்குவதற்கு முன்னால் சேலைத் தலைப்பைப் பிடித்திருக்கும் விரல்களைப் பிரிக்க வேண்டும். சுண்டுவிரலில் ஆரம்பிப்பார். பிரிந்த கை மறுபடியும் மூடுவதற்குள் அதில் ஒரு மிட்டாயை வைத்துவிடுவார். பிள்ளை குழம்பிப்போய் மிட்டாயைப் பார்க்கும். அந்த இடைவெளியில் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவார். அம்மாக்கள் அந்தப் பக்கத்து ஜன்னலில் வெளியே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

"வாயில ஒண்ணு போட்டுட்டா பிள்ளை பேசாம இருக்கும் டீச்சர். நமக்கும் மனசு கேக்கும்ல" என்பார்.

கடலை மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், க்ரீம் பிஸ்கட், சாத்தூர்ச் சேவு. சாயங்காலம் திரும்பும்போது இன்னொரு சுற்று உண்டு. காலையில் அழுததற்குக் கொடுத்தவர், மாலையில் பகலெல்லாம் அழாமல் இருந்ததற்குக் கொடுப்பார். இதிலிருந்து எந்தப் பிள்ளை தப்பிக்கும்? நான் காலையில் கேழ்வரகுக் கூழை ஆற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தால், வந்து சேர்ந்ததெல்லாம் வாயோரத்தில் க்ரீமோடு "வேணாம்" என்று தலையை ஆட்டும். எரிச்சலாக வரும் எனக்கு. ஆனால் காப்பகம் அமைதியாக இருக்கும். அந்த அமைதி எனக்கும் வேண்டித்தான் இருந்தது.

பிள்ளை அழுவதை அந்த மனிதரால் எங்கேயும் தாங்க முடியாது. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு வேன் போட்டுப் போயிருக்கிறார்கள். மொட்டையடிக்கும் இடத்தில் ஊர்ப்பட்ட பிள்ளைகள் தொண்டை கிழிய அழுதிருக்கின்றன. இவர் முன்பின் தெரியாத பிள்ளைகளின் வாயில் எல்லாம் வரிசையாக மிட்டாயைத் திணித்துக்கொண்டே போயிருக்கிறார். ஒரு பிள்ளையின் அப்பன் இவரைப் பிள்ளைபிடிக்கிறவன் என்று நினைத்துச் சட்டையைப் பிடித்துவிட்டானாம். வேனில் வந்த பெண்கள் ஓடிப்போய் விலக்கியிருக்கிறார்கள். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "அந்தாளு மேல தப்பில்ல, எம் மேலதான் தப்பு" என்பார்.

எம் மேலதான் தப்பு. அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை அது. டயர் பஞ்சரானாலும், மழைக்குக் கண்மாய் ரோடு முங்கினாலும் அதே வார்த்தைதான். என்னிடம் தண்ணீர் கேட்பதற்குக்கூட "தப்பா நினைச்சுக்கிடாதீக டீச்சர்" என்று ஆரம்பிப்பார். இளவயதில் வெடி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே லாரி ஓட்டியவர். சீசனுக்குப் போனால் தீபாவளி முடிந்துதான் வீடு. அவர் மனைவி ஒருமுறை காப்பகத்துக்கு வந்தபோது அந்தச் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, "எம் பிள்ளைக இந்தாளு மூஞ்சியப் பாத்தே வளரல. இப்ப ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் அப்பனாயிட்டாக" என்றார். கேலியா கோபமா என்று தெரியவில்லை. டிரைவர் வேன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இதெல்லாம் பாசம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் அக்கா எடை பார்க்க வந்தார். எப்போதும் எலும்பும் தோலுமான பிள்ளைகளைத்தான் தேடுவார். அன்றைக்கு முத்துமாரி என்ற பிள்ளையைத் தராசில் நிறுத்திவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"இங்கன வந்தா ஒரு பக்கந்தான் பாப்பேன். இப்ப ரெண்டு பக்கமும் பாக்க வேண்டியிருக்கு. இந்தப் பிள்ளை மூணு படி ஏறி வந்ததுக்கே மூச்சு வாங்குது, பாத்தீகளா? தூங்குறப்பக் குறட்டை விடுதாமே. இந்த வயசுல எடை இப்படி ஏறினா, வளந்தப்புறம் சுகர், பிரஷர்னு வந்து நிக்கும்."

"சோறு குறைக்கணுமாக்கா?"

"அய்யய்ய, பட்டினி கிட்டினி போட்டுராதீக. வளர்ற பிள்ளை. பாக்கெட் தீனிய நிறுத்துங்க, ஓட விடுங்க. இதுக்கு மேல ஏறாமப் பாத்துக்கிட்டா போதும், உசரம் கூடக்கூடச் சரியாயிரும். இவ மட்டுமில்ல, இன்னும் நாலஞ்சு பிள்ளைக இதே பாதையிலதான் இருக்கு. வந்தப்புறம் மல்லுக்கட்டுறதுக்கு, வராமப் பாக்குறது லேசு. அது உங்க இடத்துலதான் முடியும்."

முத்துமாரிக்கு நாலு வயது. முந்தைய வருஷம் சீசனில் கம்பெனியில் ஓர் அறை வெடித்தபோது அவளுடைய அம்மா போய்விட்டாள். அத்தைதான் வளர்க்கிறாள். அத்தைக்கும் அதே கம்பெனி, அதே வேன். அம்மா சாமியிடம் போயிருக்கிறாள் என்று பிள்ளையிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. தெளிவான பிள்ளை என்று எல்லோரும் மெச்சினோம். மற்ற பிள்ளைகள் விளையாடும்போது இவள் சுவரில் சாய்ந்து எதையாவது மென்றுகொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசினேன். பேசினேன் என்பதைவிட ஏசினேன் என்பது பொருத்தம். பாக்கெட்டில் இருப்பது உப்பும் சர்க்கரையும் எண்ணெயும்தான் என்றேன். முத்துமாரியின் அத்தை முதலில் எழுந்தாள்.

"சதை போட்டா நல்லதுதான டீச்சர்? தாயில்லாப் பிள்ளைய வாட விட்டுட்டான்னு ஒரு நாக்கு சொல்லிரக் கூடாது. அதுக்குத்தான நானும் பாடுபடுறேன்."

இன்னொருத்தி கையை விரித்துக் காட்டினாள். நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறத்தில் மருந்து. "குளிச்சாலும் போக மாட்டேங்கு. இந்தக் கையால சோத்தப் பிசைஞ்சு ஊட்டப் பயமா இருக்கு. பாக்கெட்டுன்னா கை படாதுல்ல. பல்லால கிழிச்சு அப்படியே குடுத்துருவோம்."

பிள்ளைக்கு விஷம் போய்விடக் கூடாது என்றுதான் அவர்கள் பாக்கெட்டை வாங்கினார்கள். என் மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஊரான் பிள்ளைகளைப் பார்க்க வருகிறவள் நான். வெள்ளிக்கிழமையானால் விருதுநகர் பொரிச்ச பரோட்டாவை வாங்கிப்போய் அவன் முன்னால் வைப்பேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்தால்தான் அந்த வாரம் எனக்குத் தீரும். இவர்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

இருந்தாலும் சொன்னேன். கரண்டியால் ஊட்டலாம், பிள்ளையையே அள்ளித் தின்ன விடலாம் என்று பேசி முடித்தோம். பிறந்தநாளுக்கு சாக்லேட் கொடுப்பதை நிறுத்தி, அன்றைக்கு என்ன விளையாட்டு என்பதைப் பிறந்தநாள் பிள்ளையே சொல்லலாம் என்று வைத்தோம். காலையில் கூழ், பதினோரு மணிக்குச் சுண்டல், மற்றபடி தண்ணீர். வேனில் மிட்டாய் கிடையாது.

டிரைவர் கூட்டத்தின் கடைசியில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாளே மண்வெட்டியோடு வந்து காப்பகத்துக்குப் பின்னால் இருந்த வேலிக்காத்தான் செடியையெல்லாம் வெட்டி, முள் பொறுக்கி, பிள்ளைகள் ஓடுவதற்கு இடம் செய்துகொடுத்தார். பழைய டயர்களைக் கொண்டுவந்து போட்டார். சவாரி இல்லாத மதியங்களில் டயரை உருட்டிக்கொண்டு முன்னால் ஓடுவார், பின்னால் பிள்ளைப்பட்டாளம் கத்திக்கொண்டு ஓடும். "ஏலே, என்னையத் தொடுலே பாப்போம்!" அந்த வயதில் அப்படி ஓடிய மனிதரை நான் பார்த்ததில்லை. காலையில் கேட்டில் அழுகை திரும்ப வந்தது. கொஞ்ச நேரம் காது கிழியும். அப்புறம் பிள்ளைகளே கூழ் கேட்கும்.

முத்துமாரி மட்டும் ஓடவில்லை, அழவில்லை, கூழும் கேட்கவில்லை. அடுத்த முறை நர்ஸ் அக்கா வந்தபோது அவளுக்குத்தான் எடை ஏறியிருந்தது.

எங்கிருந்து ஏறுகிறது என்பது என் ஸ்கூட்டி மக்கர் செய்த ஒரு காலையில் தெரிந்தது. ரோட்டில் நின்று கை காட்டி அந்த வேனிலேயே பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். இன்னும் சரியாக விடியவில்லை. வேலைக்கு வருகிற யாரோ என்று டிரைவர் நினைத்திருப்பார், ஏறியது நான்தான் என்பதை முன்னால் இருந்தவர்களும் கவனிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, முத்துமாரி மட்டும் நடுவில் அத்தை மடியில் விழித்திருந்தாள். ஒருத்தி முறுக்கை நீட்டினாள். ஒருத்தி பின்னாலிருந்து சேவைக் கொடுத்தாள். ஒருத்தி பிஸ்கட்டைப் பிரித்து வாயிலேயே வைத்தாள். கோயிலில் உண்டியலில் போடுகிற மாதிரி ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு நிறுத்தியதையும் சேர்த்து அவளுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் காப்பகம் வருவதற்கு முன்னால் உள்ள வளைவில் வேன் நின்றது. டிரைவர் திரும்பி, அந்தப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவளும் பார்க்காமலே வாங்கினாள்.

என் பக்கத்தில் இருந்தவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். மெதுவாகச் சொன்னாள். "வெடிச்ச அன்னைக்கு அந்த ரூம்ல எனக்குத்தான் வேலை போட்டிருந்தாக டீச்சர். காலைல மாத்தி இவ அம்மாவ விட்டாக."

அதற்கப்புறமும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பெண்களைக் கம்பெனியில் விட்டுவிட்டு அவர் திரும்பி வரும்வரை கேட்டிலேயே நின்றேன்.

"எல்லாப் பிள்ளைக்கும் நிறுத்தத் தெரிஞ்சவருக்கு இந்தப் பிள்ளைக்கு நிறுத்தத் தெரியலையாண்ணே? அது மூச்சு வாங்குறது உங்க கண்ணுல படலையா?"

"எம் மேலதான் தப்பு டீச்சர்."

"அத விடுங்க. நிறுத்துவீகளா மாட்டீகளா?"

அவர் வேன் படியில் உட்கார்ந்தார். நெஞ்சைத் தட்டிக்கொண்டார், எறும்பு கடித்ததா என்று தெரியவில்லை.

"அன்னைக்கு அவ அம்மா இறங்கிட்டா டீச்சர். யாரும் இறங்க மாட்டாகள்ல, அவ இறங்கிட்டா. பிள்ளைக்கு மேலு சுடுது, நான் இன்னைக்கு வரலண்ணே, இப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்து போயிருதேன்னா. சீசன் டயம். ஆளு குறைஞ்சா என்னையத்தான் கேப்பாக. ஏறு தாயி, மாத்திரை குடுத்தா சரியாயிரும், டீச்சர் பாத்துக்கிடுவாகன்னு நான்தான் சொன்னேன். பிள்ளை அவ கழுத்தக் கட்டிக்கிட்டு விடல. நான்தான் பிரிச்சேன். இந்தக் கைதான்."

எனக்கு அந்தக் காலை நினைவிருந்தது. பிள்ளைக்கு மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தது நான். வாயில் மிட்டாய் இருந்ததால் துப்பிவிட்டுக் குடிக்கச் சொன்னேன்.

"அவ அழுதா நான் என்ன பதில் சொல்லுவேன்? அதான் வாயில ஒண்ணப் போட்டுட்டே இருக்கேன்."

இதற்குமேல் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூச்சு வாங்குவது பிள்ளை, அவர் அல்ல. "அண்ணே, நீங்க குடுக்கிறது அவளுக்கில்ல, உங்களுக்கு. உங்க மனசு ஆறுறதுக்கு அந்தப் பிள்ளை எம்புட்டுத்தான் திங்கும்?" என்றேன். அவர் எழுந்து சட்டைப் பையில் இருந்ததையெல்லாம் வேலியோரம் கொட்டினார். எறும்புகளுக்கு அன்று திருவிழாதான்.

மறுநாள் காலை வேன் வந்தது. மற்ற பிள்ளைகளை வழக்கம்போல் கொண்டுவந்து விட்டார். கடைசியாக முத்துமாரியை வேனிலிருந்து இறக்கி, தூக்காமல் தரையில் நிறுத்தினார்.

"நடந்து போவோமா தாயி?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவர் குனிந்ததும் அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள்.

"முட்டாயி?"

"இல்ல தாயி. இனிமே கிடையாது."

வேனில் யாரோ பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. முத்துமாரி அவர் தொடையில் ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. பிறகு வாய் கோணியது. கேட்டில் நின்ற எனக்கு அவள் மிட்டாய்க்குத்தான் அழப்போகிறாள் என்று தோன்றியது.

"எங்கம்மாவ நீதான ஏத்திட்டுப் போன?" என்றாள். "எங்கன விட்ட? ஏன் கூட்டிட்டு வரல?"

அவர் ரோட்டு மண்ணில் அப்படியே மண்டியிட்டார். எம் மேலதான் தப்பு என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. "நான்தான் தாயி ஏத்திட்டுப் போனேன். நான்தான் கூட்டிட்டு வரல" என்றார். அவ்வளவுதான், அவள் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அம்மா, அம்மா என்று, ஒரு வருஷமாக ஒருமுறைகூடச் சொல்லாத வார்த்தையைச் சொல்லிச் சொல்லி, அவர் முகத்தில் அடித்து, சட்டையைப் பிடித்து இழுத்து அழுதாள். அத்தை வேனிலிருந்து குதித்து இறங்கினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். கம்பெனிக்கு நேரமாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இத்தனை சட்டமும் போட்ட எனக்கு அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து ஒன்றை அந்த வாயில் வைத்துவிட்டால் போதும் என்று திரும்பி நாலு எட்டு வைத்துவிட்டேன்.

"வேண்டாம் டீச்சர்" என்று அவர் குரல் கொடுத்தார். பிள்ளை இன்னும் அவரை அடித்துக்கொண்டுதான் இருந்தாள். "அழட்டும். இம்புட்டு நாளா நான் அழ விடல."